மோதிர விரலில் கொஞ்சம் வலி

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் அம்மாவிடம் சுகம் என்றுதான் சொல்லப்போகிறேன். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். மாத்திரை போட்டாயா என்றால் "போட்டாச்சு போட்டாச்சு" என்கிறாள். மாத்திரை தலையணைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிற ஐயாவுக்கு என் வணக்கம். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள், கடிதம் மட்டும்தான், அதையும் ஒருவர் படித்துப் பார்த்துத் தருகிறார் என்று நீ எழுதியதை அம்மா நம்பவே மாட்டேன் என்கிறாள். "விளையாட்டுச் சாமான் பண்ற இடத்துல எதுக்குடா ஜெயில் மாதிரி?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்! அடுத்து வரப்போகிற வீடியோ கேம் கைப்பெட்டி எப்படி இருக்கும் என்று ஊர் உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கையில் வைத்து நாள் முழுக்க அமுக்கிப் பார்க்கிற வேலை என் அக்காவுக்கு. நான் இங்கே கடையில் ரிப்பேருக்கு வந்த பழைய பெட்டிகளில் கட்டைவிரலால் தள்ளுகிற ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தத் தடவை கன்ட்ரோலர் இரண்டு பக்கமும் காந்தத்தில் ஒட்டுமா, பழையபடி சறுக்கி உள்ளே உட்காருமா? நாற்காலி அண்ணன் காந்தம்தான் என்று அடித்துச் சொல்கிறான். ராஜா மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் போட்டியாக, வரப்போகிற பெட்டிகளைப் பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறானே, அவன்தான். "உள்ள நம்ம ஆளு இருக்கான்" என்று கண்ணடிக்கிறான். அவனுக்கு ஏது ஆள்? ஆள் இருப்பது எனக்கு. ஆனால் அவன் சேனலைப் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம், என் சேனலைப் பார்ப்பவர்கள் நானும் அம்மாவும். "எழுதி வெச்சுக்கோங்க" என்று நான் முடிக்கும்போது அம்மா மட்டும் தலையாட்டுகிறாள்.

காந்தம் என்றால் "அம்மாவுக்கு முத்தம்" என்று முடி. இல்லையென்றால் "அம்மாவுக்கு வணக்கம்". ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, சும்மா விளையாட்டு.

உன் அன்புத் தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் விளையாட்டை இங்கே யாரும் ரசிக்கவில்லை. வாசல் மேசையில் உட்காரும் கண்ணாடிக்காரர் கடிதத்தை என்னிடம் தரும்போது, "உங்க தம்பிக்கு வேற வேலை இல்லையாம்மா?" என்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது.

திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டேன், ஒரு தடவை கேட்டுக்கொள். இந்தப் பெட்டி கடைக்கு வந்த பிறகுதான் எங்களில் யாரை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்கள். அதுவரை நாங்கள் தற்காலிகம். உள்ளே இருப்பது ஒரு வார்த்தை வெளியே போனாலும் எந்த மேசையிலிருந்து போனதோ அந்த மேசையையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ■■■■■■■■■■■■ அதனால் பக்கத்து மேசையில் என்ன அமுக்குகிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது. எனக்கு இந்த வேலை வேண்டும். அம்மாவை இங்கே அழைத்து வந்து, கம்பெனிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு, மாடிப்படி ஏறாமல் அவளை வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மற்றபடி நலமாக இருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, எந்நேரமும் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள், அதனால் எல்லாருக்கும் அவள் பாட்டுக்காரி. என் மேசைதான். நல்லவள். சாப்பாடு பரவாயில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாயங்காலம் ஆனால் இரண்டு கையிலும் மோதிர விரலில் மட்டும் கொஞ்சம் வலி. கட்டைவிரல் கெட்டியாக இருக்கிறது. அம்மாவை மாத்திரை போடச் சொல்.

அம்மாவுக்கு முத்தமும் இல்லை, வணக்கமும் இல்லை. என் அன்பு.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ திட்டியது நியாயம்தான். இனி பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் என்னைச் செருப்பால் அடி.

உன் விரல் வலிதான் எங்களுக்குக் கவலை. அம்மா ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வை. எந்த இடத்தில் வலி? விரல் நுனியிலா, நடு மூட்டிலா? அமுக்கும்போது வலிக்கிறதா, விட்ட பிறகு வலிக்கிறதா? இரண்டு கையிலும் ஒரே அளவா? கடைக்கு எதிரே ஒரு மருந்துக்கடைக்காரர் இருக்கிறாரே, அவர் விவரமாகக் கேட்டுக்கொண்டு வா, தைலம் தருகிறேன் என்றார். அதனால் கேட்கிறேன். வேறெந்த இடத்திலாவது வலியோ எரிச்சலோ இருந்தாலும் மறைக்காமல் எழுது. உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாம்.

கடையில் கூட்டம் பரவாயில்லை. சேனலும் என்னவோ கொஞ்சம் ஓட ஆரம்பித்திருக்கிறது. நல்ல நேரம் போலிருக்கிறது.

உன் அன்புத் தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைப் பாட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கும் இருக்கானே ஒரு தம்பி, நான் செத்தேனா பொழைச்சேனான்னுகூடக் கேட்க மாட்டான்" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கேட்டதற்குப் பதில்: வலி நடு மூட்டில். அமுக்கும்போதுதான். இரண்டு கையிலும் ஒரே அளவு. இடது உள்ளங்கை மட்டும் மத்தியானத்துக்கு மேல் சூடாகி வேர்த்துவிடுகிறது, வலது கை ஜில்லென்றே இருக்கிறது. இரத்த ஓட்டம் சரியில்லையோ என்னவோ, உன் மருந்துக்கடைக்காரரைக் கேள்.

ஆனால் ஒன்று. நான் டைபாய்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எனக்கு வாங்கி வைத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனவன் நீ. உனக்கு என் நடு மூட்டு மேல் என்ன இவ்வளவு பாசம்? கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

இங்கே வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். வெளியே எங்கள் பெட்டியைப் பற்றி யார் என்ன பேசினாலும் அதை அச்செடுத்துக் குத்தி வைக்கிறார்கள், நாங்கள் போகும்போதும் வரும்போதும் பார்க்க வேண்டுமாம். பெரும்பாலும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. பெட்டிக்கு இறக்கை மட்டும்தான் இன்னும் யாரும் வைக்கவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தில் அந்தப் பிஸ்கட் வரியைப் படித்து அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அக்காவின் உடம்பை விசாரித்தால் அதற்கும் ஒரு சந்தேகமா? உன்னோடு கூடப் பிறந்தது நான் இல்லை, சந்தேகம்தான். சின்ன வயதில் நான் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிப்பாய்.

தைலம் அனுப்பியிருக்கிறேன். உள்ளங்கைச் சூட்டுக்கு மருந்துக்கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சூடு காலையிலேயே வருமா, நிறைய நேரம் வேலை செய்த பிறகா? சும்மா இருக்கும்போதும் சுடுமா? கோபமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். எழுதினால் நல்லது.

கடை வாசலில் வந்து நின்று என்னோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள் அக்கா. நேற்று ஒருவன், "அண்ணே, நீங்க சொன்னா சரியா இருக்கும்ணே" என்றான். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை.

உன் தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத மனம் வரவில்லை.

பாட்டுக்காரியை மேசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். வெளியே யாரோ, பெட்டியின் பின்பக்கம் பிடிக்கிற இடத்தில் இரண்டு பட்டன் வருகிறது, மோதிர விரலால் அமுக்குகிற மாதிரி, பேட்டரி இடது பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம்தான் சுடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது பலகையில் இருந்தது, எல்லாரும் படித்தோம். ■■■■■■■■ மேசையைத் தவிர வேறு யாருக்கும் ■■■■■■■■. மேலாளர் வந்து நின்றுகொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பாட்டுக்காரி வாயில் எப்போதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருப்பதால், ஓட்டை வாய் என்று அவளைத்தான் பிடித்தார்கள். இப்போது அட்டைப்பெட்டி மடிக்கிற கொட்டகையில் இருக்கிறாள். விசாரணை முடிந்ததும் வீட்டுக்கு. அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு நடக்கிறது. "நான் யார்கிட்டயும் சொல்லலைடி, சத்தியமா சொல்லலை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகையில் இருந்த அந்தப் பேச்சு, "எழுதி வெச்சுக்கோங்க, அப்புறம் வந்து பேசுங்க" என்று முடிந்திருந்தது. அப்படி முடிக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள்.

உடம்பைக் கேட்டிருந்தாய். மோதிர விரல் தேவலாம். இப்போது வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் தொந்தரவு. ரேடியோவில் ஸ்டேஷன் வைக்கத் திருகுவோமே, அது மாதிரி நாள் முழுக்கத் திருகித் திருகித் தோல் உரிந்துவிட்டது. அந்தத் தைலம் இதற்கும் ஆகுமா என்று கேட்டு எழுது.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தோல் உரிந்த இடத்தில் தைலம் போடாதே, எரியும். தேங்காயெண்ணெய் போதும். வலது கை மட்டும்தானா? மேல் பக்கமா, ஓரமா?

பாட்டுக்காரி விஷயம் கேட்டு அம்மா வருத்தப்பட்டாள். நானும்தான். எல்லாம் சரியாகிவிடும். அவளுக்கு ஆறுதல் சொல்லு.

கடையில் வேலை அதிகம், நீளமாக எழுத நேரமில்லை.

தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

இந்தக் கடிதம் வாசல் மேசை வழியாக வரவில்லை. இன்று வெளியே போக விடுப்பு. கடைத்தெருவில் ஒரு தபால்பெட்டிக்குப் பக்கத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடிக்காரர் படிக்க மாட்டார், நீ மட்டும்தான் படிக்கப்போகிறாய். அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் திருகுகிற குமிழ் எதுவும் கிடையாது. எங்கள் மேசையிலும் இல்லை, எந்த மேசையிலும் இல்லை. என் கையில் தோல் உரியவும் இல்லை. நான் அந்தப் பொய்யை எழுதி அனுப்பினேன், அது கொஞ்ச நாளில் பலகையில் வந்துவிட்டது. படம் வேறு வரைந்திருந்தாய், குமிழுக்கு மஞ்சள் கலர். வலது பக்கம் மேல் ஓரம். "எழுதி வெச்சுக்கோங்க."

மேலாளர் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவனுக்கு உள்ள ஆளும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கண்ணை மூடிட்டு அடிக்கிறான், பின்பக்கப் பட்டன் குருட்டாம்போக்குல பட்டுப்போச்சு" என்றார். பாட்டுக்காரி மறுபடி மேசைக்கு வந்துவிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். "உன் தம்பியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் முனகவே இல்லை.

நீ நேராகக் கேட்டிருந்தால், முடியாது போடா என்றிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நீ அப்படிக் கேட்கவில்லை. "வலிக்கிறதா அக்கா" என்று கேட்டாய். நானும் முட்டாள் மாதிரி, ஆமாம் இங்கே வலிக்கிறது, அங்கே சுடுகிறது என்று ஒவ்வொரு விரலாக எழுதினேன். கண்ணாடிக்காரர் என்னென்னவோ வரிகளை அடித்தார், நலம் விசாரிக்கிற வரியை மட்டும் அடிக்கவில்லை. அதில் ஒருவன் கை வைப்பான் என்று அவருக்கே தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இனி என் உடம்பைப் பற்றி உனக்கு ஒரு வரி எழுத மாட்டேன். அம்மாவிடம் எதையும் சொல்லாதே.

அக்கா


செப்டம்பர் 17

அக்காவுக்கு,

அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

என்னை ஊரே இப்போது "திருகாணி" என்று கூப்பிடுகிறது. நாற்காலி அண்ணன் ஒரு குமிழைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினான். கடைக்கு வருகிறவன், "அண்ணே, எனக்கும் ஒண்ணு திருகி விடுங்க" என்கிறான். உனக்கு இப்போது திருப்திதானே?

நான் செய்தது தப்பு என்றே வைத்துக்கொள். நான் எழுதியதில் பொய் எது? வலிக்கிறதா என்று கேட்டேன், வலியைப் பற்றிக் கவலையும் பட்டேன், இரண்டுமே உண்மை. தைலம் வாங்கி அனுப்பினேனா இல்லையா? பொய் எழுதியது நீ. உட்கார்ந்து யோசித்து, தோல் உரிந்தது என்று எழுதி, நான் மாட்டுகிறேனா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாய். அந்தத் தோல் உரிந்த கதையைக் கேட்டு அம்மா அழுதாள். அதற்கு என்ன சொல்கிறாய்?

உன்னை நம்பி நான் ஊர் முன்னால் நின்றேன். போகட்டும். இனி நீயாகச் சொன்னாலும் நம்புவதாக இல்லை.

தம்பி


டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். எழுதவேண்டி வந்துவிட்டது. வலது கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. மழைக்கு முன்னால் லேசாக மரத்தது, அப்புறம் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் டம்ளரைப் பிடித்ததாக நினைத்துக்கொண்டு தூக்கினேன், அது கீழே கிடந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சீக்கிரம் கிழித்து விட வேண்டும், தள்ளிப்போட்டால் கை பழையபடி ஆகாது என்கிறார்கள். வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் செய்வார்களாம். விடுப்பை எல்லாம் நிறுத்திவிட்டார்கள், பெட்டி கடைக்கு வரும்வரை எங்களை வெளியே விட மாட்டார்கள், போனும் கிடையாது. நீ வந்தால் வாசலில் விடுவார்கள், கேட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லாதே, கடைச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வா. நடந்ததை எல்லாம் விட்டுவிடுவோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


டிசம்பர் 20

அக்காவுக்கு,

நலம்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன்னைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. எழுத்தைக்கூடக் கோணலாக்கி எழுதியிருக்கிறாய்.

நானும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். வெளித் தபாலில் நீ அனுப்பியது ஒரே கடிதம், அதில் இருந்தது உண்மை. வாசல் மேசை வழியாக வந்தது குமிழ். இதுவும் வாசல் மேசை வழியாகத்தான் வந்திருக்கிறது. ஒரு வரிகூடக் கறுப்பு மை இல்லை, ஐயா அப்படியே விட்டிருக்கிறார். பெட்டி வர இன்னும் கொஞ்ச நாள்தான். இந்த நேரம் பார்த்துக் கட்டைவிரலுக்கு உணர்ச்சி இல்லையாம். அப்படியென்றால் என்ன, இந்தத் தடவை ஸ்டிக்கே கிடையாதா? தொட்டால் போதுமா? நான் ஓடிப்போய் "ஸ்டிக் இல்லை, எழுதி வெச்சுக்கோங்க" என்று சொல்ல வேண்டும், மிச்சமிருக்கிற நாலு பேரும் காறித் துப்ப வேண்டும், அதுதானே? இதை நீயாகவே எழுதினாயா, குமிழ் நன்றாக வேலை செய்ததைப் பார்த்துவிட்டு மேலாளர் எழுதச் சொன்னாரா?

வாசல் வரைக்கும் வந்து நின்று நாலு பேர் முன்னால் பல்லிளிக்க நான் தயாராக இல்லை. இந்தத் தடவை மாட்ட மாட்டேன் அக்கா.

அம்மா உன்னை விசாரித்தாள். நீ சுகம் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி


பிப்ரவரி 12

தம்பி அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில். பாட்டுக்காரி என்று எழுதியிருப்பாளே, அது நான்தான். நான் அதிகம் எழுதிப் பழக்கமில்லாதவள், தப்பிருந்தால் மன்னிக்கவும்.

பெட்டி கடைக்கு வந்துவிட்டது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசல் மேசையும் எடுத்துவிட்டார்கள், இதை யாரும் படிக்க மாட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று இனி சொல்லலாம், அதனால் சொல்கிறேன். எங்கள் மேசைக்குப் பின்பக்கப் பட்டன் முடிந்ததும் ஸ்டிக்கைக் கொடுத்தார்கள். யாரும் தொடாமலே அது தானாக நகர்ந்துவிடாமல் இருக்க வேண்டும் என்று உள்ளே கெட்டியான ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். அதை நாள் முழுக்கத் தள்ளித் தள்ளித்தான் உங்கள் அக்கா கை போனது. எங்களில் அவள்தான் கடைசிவரை தள்ளினாள், நிரந்தரம் ஆக வேண்டும் என்று. அவள் கையைப் பார்த்த பிறகுதான் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். இப்போது கடையில் இருக்கிற பெட்டியை எடுத்துப் பாருங்கள், ஸ்டிக் அவ்வளவு லேசாகப் போகும்.

உங்கள் பதில் வந்த அன்று அவள் அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்துவிட்டு மடித்து அவளிடமே கொடுத்தேன். "நான்தானே கத்துக் கொடுத்தேன்" என்றாள். அப்புறம் பொங்கலன்று நிறையப் பேருக்கு வீட்டிலிருந்து ஆள் வந்தது, அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவேளை மனசு மாறி வருவீர்கள் என்று நினைத்தாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

கடைசியில் நான்தான் போய்த் தங்கை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். யார் என்ன என்று அவர்களும் துருவிக் கேட்கவில்லை. கையைக் கிழித்தாகிவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உணர்ச்சி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். நிரந்தரம் ஆனவர்கள் பெயர் நேற்று வந்தது. என் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை. கட்டைவிரல் வேலை செய்யாமல் மேசையில் என்ன செய்வாள்?

உங்களால் நான் கொட்டகையில் அட்டைப்பெட்டி மடித்தேன், அது எனக்குத் தெரியும். அந்தக் கோபம் எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்காக எழுதவில்லை.

அம்மாவுக்கு விஷயம் தெரியவேண்டும், தன்னால் எழுத முடியாது, நீ எழுது, நான் சொல்கிறேன் என்று அவள்தான் என்னை உட்கார வைத்தாள். நான் பேனாவை எடுத்து, நலமா என்று ஆரம்பிக்கட்டுமா, உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று போடட்டுமா என்று கேட்டேன். இடது கையால் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "வேண்டாம்டி, அதை எழுதினா அவன் நம்ப மாட்டான்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல வரவில்லை. இதெல்லாம் நானாக எழுதியது.

பார்வையாளர் நேரம் ஞாயிறு மதியம். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

பாட்டுக்காரி